கை எப்படி நீள்கிறது என்று பாருங்கள்: மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தை நரம்பியல் மருத்துவர்களுக்கும், எலும்பு அறுவை மருத்துவர்களுக்கும், இயன்முறை மருத்துவர்களுக்கும், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கும், மறுவாழ்வு மையங்களில் மதிப்பீட்டுப் படிவங்களை வகுத்துத் தருவோருக்கும்,

வணக்கம்.

மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளின் கைகளோடு வேலை செய்பவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பெற்றோர் எடுத்துவரும் அறிக்கைகளில் கையைப் பற்றிய பகுதி பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. முழங்கையிலும் மணிக்கட்டிலும் தசை இறுக்கம் எத்தனையாவது தரத்தில் இருக்கிறது, மூட்டுகள் எத்தனை பாகை நீள்கின்றன, பொருளைப் பிடிக்க முடிகிறதா இல்லையா என்பவை அவற்றில் இருக்கும். தன் முன்னால் இருக்கும் ஒரு பொருளை எடுக்க அந்தக் குழந்தை கையை நீட்டும்போது தோளிலிருந்து விரல்நுனி வரை என்ன நடக்கிறது என்பது மட்டும் இருக்காது. ஊசி போடுவதா, அறுவை செய்வதா, கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் கொடுப்பதா, எந்தப் பயிற்சியை எவ்வளவு நேரம் தருவது என்ற முடிவுகளெல்லாம் அந்தச் சில வரிகளை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. கையின் இயக்கக் கட்டுப்பாட்டை, அதற்கென உருவான கருவிகளைக் கொண்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

நீங்கள் நன்கறிந்ததையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது; பொறுத்தருள வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்டு, அதன்பின் பெருகாமல் நின்றுவிடும் ஒரு பாதிப்பால் அசைவிலும் உடலின் நிலைப்பாட்டிலும் உண்டாகும் நீடித்த கோளாறுகளின் தொகுதியே மூளை முடக்குவாதம். 2007இல் வெளியான சர்வதேச வரையறை, புலனுணர்விலும் அறிதலிலும் தொடர்பாடலிலும் நடத்தையிலும் வரும் சிக்கல்களும், வலிப்பும், பின்னாளில் தசையிலும் எலும்பிலும் தோன்றும் கோளாறுகளும் இதனோடு சேர்ந்து வருவதுண்டு என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு குழந்தையின் கையில் நாம் காணும் தடுமாற்றத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பது அரிது. பெருமூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை பாதிக்கப்பட்டால் தசை இறுகுகிறது. அதே பாதிப்பால் தசையின் வலுவும் குறைகிறது. ஒரு மூட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியே அசைக்கும் திறன் குறைகிறது. விரல்களை ஒன்றிலிருந்து ஒன்று விடுவித்து இயக்குவது கடினமாகிறது. தொட்டறியும் உணர்வும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் உணர்வும் பலருக்கு மங்கிவிடுகின்றன. இறுக்கம் தொட்டவுடன் தெரிந்துவிடும். மற்றவற்றைத் தேடித்தான் காண வேண்டும். குழந்தையின் அன்றாடச் செயல்களில் கூடுதலாகக் குறுக்கே நிற்பவை பெரும்பாலும் அந்த மற்றவைதாம் என்பது என் உறுதியான கருத்து.

1964இல் ஆஷ்வர்த் வகுத்து, 1987இல் போஹனனும் ஸ்மித்தும் திருத்திய, தசை இறுக்கத்தை மதிப்பிடும் அளவுகோலை நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம். குழந்தை தளர்ந்திருக்கும்போது மதிப்பிடுபவர் அதன் மூட்டை நீட்டிப் பார்த்து, தன் கைக்குக் கிடைக்கும் எதிர்ப்பை 0 முதல் 4 வரை, நடுவே 1+ என்ற படியையும் சேர்த்து, ஆறு படிகளில் ஒன்றாகக் குறிக்கிறார். அந்த எதிர்ப்பு நரம்பின் அனிச்சையால் வருகிறதா, தசையே குறுகிவிட்டதால் வருகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. டார்டியு முறை இதில் ஒரு படி மேலானது: ஒரே மூட்டை முதலில் மிக மெதுவாகவும் பிறகு விரைவாகவும் நீட்டி, விரைவாக நீட்டும்போது எந்தக் கோணத்தில் தசை பிடித்து நிறுத்துகிறது, மெதுவாக நீட்டும்போது எந்தக் கோணம் வரை போகிறது என்று இரண்டையும் குறித்து, அவற்றின் இடைவெளியைப் பார்க்கிறது. இடைவெளி பெரிதானால் அனிச்சையின் பங்கு பெரிது. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியால் பயன் கிடைக்க வாய்ப்பு உண்டு. இடைவெளி சிறிதாகவும் நீட்சியே குறைவாகவும் இருந்தால் தசை குறுகியிருக்கிறது. அங்கே ஊசி செய்யக்கூடியது கொஞ்சமே. இந்த அளவுக்கு டார்டியு முறை நமக்கு உதவுகிறது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு முறைகளிலும் குழந்தை எதையும் செய்வதில்லை. பிறர் அசைக்கும் கையை நாம் அளக்கிறோம். தன் விருப்பத்தால் குழந்தை அசைக்கும் கை அந்த அளவீட்டுக்குள் வருவதே இல்லை.

இதன் விளைவு மருந்துச் செலவோடு நின்றுவிடுவதில்லை. மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகள் இறுகியிருப்பதால் கை திறக்கவில்லை என்று கருதி அவற்றைத் தளர்த்துகிறோம். தளர்ந்த பின்னும் விரல்கள் திறப்பதில்லை. ஏனெனில் விரலை நீட்டும் தசைகளுக்கு மூளையிலிருந்து போதிய கட்டளை போகவில்லை, அல்லது நீட்டும் தசைகளும் மடக்கும் தசைகளும் ஒரே நேரத்தில் சுருங்கி ஒன்றையொன்று தடுக்கின்றன. சில குழந்தைகள் அந்த இறுக்கத்தையே பயன்படுத்திப் பையைத் தூக்கவும், காகிதத்தை அழுத்திப் பிடிக்கவும் கற்றிருப்பார்கள். தளர்த்தியதும் அந்தத் திறனும் சில மாதங்களுக்குப் போய்விடுகிறது. மடக்கும் தசை அமைதியானால் எதிர்ப்பக்கத்தில் எழுந்து வேலை செய்ய ஏதேனும் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை, குழந்தை தானே கையை அசைப்பதைப் பார்த்தால்தான் கிடைக்கும். அதைப் பார்க்காமல் எழுதப்படும் சிகிச்சைத் திட்டத்தை நான் ஏற்க இயலாது.

தனித்து அசைக்கும் திறனைப் பார்ப்பதற்கு நீண்ட நேரமோ விலையுயர்ந்த பொருளோ வேண்டியதில்லை. 2016இல் வெளியான ஸ்கூஸ் என்னும் அளவுகோல் தோள், முழங்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என ஒவ்வொன்றையும் தனியே அசைக்கச் சொல்லி, அந்த அசைவு அந்த மூட்டில் மட்டும் நிகழ்கிறதா, பக்கத்து மூட்டுகளையும் இழுத்துக்கொண்டு வருகிறதா, உடற்பகுதி சாய்கிறதா, மறு கையும் கூடவே அசைகிறதா என்று காணொளியில் பார்த்து மதிப்பிடுகிறது. அதே பெயரிலான படிவம் உங்களிடம் இல்லாவிட்டாலும், இந்த நான்கு கேள்விகளை எந்த அறையிலும் கேட்கலாம். முன்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் தோளே திரும்பி, உடல் ஒரு பக்கம் சரிவதைக் காணும்போது, அந்தக் குழந்தை கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஏன் சிந்துகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

மறு கையும் கூடவே அசையும் இயல்பைப் பலர் சிறு குறையாகக் கடந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் சிலருக்கு, பாதிப்பு மிக ஆரம்பத்திலேயே நேர்ந்திருந்தால், பழுதுபடாத மூளைப் பாதியே இரண்டு கைகளுக்கும் கட்டளை அனுப்பும்படி நரம்புப் பாதைகள் அமைந்துவிடுவதுண்டு. அப்போது ஒரு கை மூடும்போது மற்றதும் மூடுகிறது. ஒன்று திறந்தால் மற்றதும் திறக்கிறது. ஒரு கையால் செய்யும் சோதனையில் இக்குழந்தைகள் நல்ல மதிப்பெண் பெறக்கூடும். ஒரு கை பாட்டிலைப் பிடித்திருக்க மறு கை மூடியைத் திருக வேண்டிய இடத்தில், அதாவது இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டிய இடத்தில், அவர்கள் தவிக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவதும், காகிதத்தை வெட்டுவதும், உறையைப் பிரிப்பதும் அத்தகைய வேலைகளே. ஒற்றைக் கைச் சோதனையை மட்டும் செய்துவிட்டு ‘கை நன்றாக இருக்கிறது, குழந்தைக்கு முயற்சி போதவில்லை’ என்று பெற்றோரிடம் சொல்வது அக்குழந்தைக்குச் செய்யும் அநீதி.

இனி, கை நீளும் விதத்துக்கு வருகிறேன். குழந்தையை ஒழுங்காக உட்காரவைத்து, கைக்கெட்டும் தொலைவில் அது விரும்பும் ஒரு பொருளை வைத்து, பேசாமல் பாருங்கள். முதலில் எது நகர்கிறது? தோள் முன்னே வருவதற்கு முன்பே உடல் முன்னே சாய்கிறதா? கை நேரே போகிறதா, பக்கவாட்டில் அகன்று வளைந்து போகிறதா? போகும் வழியிலேயே விரல்கள் பொருளின் அளவுக்கேற்பத் திறக்கின்றனவா, தொட்ட பிறகுதான் திறக்கத் தடுமாறுகின்றனவா? மணிக்கட்டு மடங்கியபடியே போகிறதா? கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்து வழியை அடைக்கிறதா? பிடித்ததை எளிதாக விட முடிகிறதா, அல்லது விடுவதற்கு மணிக்கட்டை மேலும் மடக்கவோ மறு கையால் பிடுங்கவோ வேண்டியிருக்கிறதா? பிடிப்பதைவிட விடுவது கடினமான குழந்தைகள் பலர்; அறிக்கைகளில் பிடியைப் பற்றி எழுதுபவர்கள் பிடித்ததை விடுவதைப் பற்றி எழுதுவதே இல்லை.

முப்பரிமாண அசைவுப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகங்கள் இதையே எண்களாகக் காட்டியிருக்கின்றன. பாதிப்பில்லாத ஒருவர் பொருளை நோக்கிக் கை நீட்டும்போது வேகம் சீராக ஏறி ஒரே ஒரு உச்சத்தைத் தொட்டு, பின் சீராக இறங்கும். கையின் பாதை ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளிடம் அந்த வேகக்கோடு பல சிறு உச்சங்களாக உடைகிறது, அதாவது கை விட்டுவிட்டுப் போகிறது, பாதை வளைகிறது, எடுக்கும் நேரம் கூடுகிறது, உடற்பகுதி அதிகம் முன்னே நகர்கிறது. ஒன்றை இங்கே மறக்கக் கூடாது: முதன்முதலாகக் கை நீட்டக் கற்கும் நான்கைந்து மாதக் குழந்தையின் அசைவும் இப்படித்தான் பல துண்டுகளாக இருக்கும், வயது ஏற ஏறச் சீராகும். ஆகவே எந்த எண்ணையும் அதே வயதுக் குழந்தைகளோடுதான் ஒப்பிட வேண்டும். இத்தகைய ஆய்வகம் எல்லோருக்கும் வாய்க்காது, வாய்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அசையாத ஒரு தாங்கியில் கைப்பேசியை வைத்து, முன்னிருந்து ஒரு முறையும் பக்கத்திலிருந்து ஒரு முறையும் எடுத்த காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாலே மேற்சொன்னவற்றில் பெரும்பகுதியைக் காணலாம்.

உடல் சாய்ந்து பொருளை எட்டுவதை உடனே தவறென்று குறிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முழங்கை முழுவதும் நீளாதபோது உடலை முன்னே கொண்டுபோவது குழந்தை தானே கண்டுபிடித்த தீர்வு. அதைத் தடுத்தால் எட்டவே முடியாமல் போகுமா, அல்லது தடுத்தால் தோளும் முழங்கையும் தம் பங்கைச் செய்யத் தொடங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மார்பை நாற்காலியோடு மெல்லிய பட்டையால் இணைத்து ஒரு முறையும், இணைக்காமல் ஒரு முறையும் பார்த்தால் விடை தெரிந்துவிடும். முதல்வகைக் குழந்தைக்கும் இரண்டாம்வகைக் குழந்தைக்கும் தர வேண்டிய பயிற்சி ஒன்றல்ல.

அமரும் முறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கால்கள் தொங்கிக்கொண்டிருக்க, இடுப்பு பின்னே சரிந்து, மேசை கழுத்தளவு உயர்ந்திருக்கும் நிலையில் ஒரு குழந்தையின் கையை மதிப்பிட்டால், நாம் அளப்பது அதன் கையையா, அது விழாமலிருக்கப் படும் பாட்டையா? உடற்பகுதியை நிலைநிறுத்தவே ஒரு கையை ஊன்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நீட்டுவதற்கு எஞ்சியிருப்பது மற்றொரு கை மட்டுமே. பாதங்கள் தரையிலோ பலகையிலோ பதிந்திருக்க வேண்டும். இடுப்பு நேராக இருக்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். எந்த நாற்காலியில், எந்தத் தாங்கலோடு மதிப்பிடப்பட்டது என்பதை அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை அதே நிலையில் உட்காரவைக்காவிட்டால் இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கண்ணையும் மறக்க வேண்டாம். பார்வைப் புலத்தின் ஒரு பாதி தெரியாத குழந்தை அந்தப் பக்கத்துப் பொருளை எடுக்காமல் இருப்பதற்குக் கை காரணமல்ல. தொடுவுணர்வும் அப்படியே: கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்த பொருள் சாவியா, நாணயமா, பொத்தானா என்று சொல்ல முடியாத குழந்தை, நன்றாக அசையும் கையைக்கூடப் பயன்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். இரண்டையும் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும்.

கருவிகளைப் பற்றிச் சொல்லும்போது, எது சிறந்தது என்ற விவாதத்தைவிட எந்தக் கேள்விக்கு எது என்ற தெளிவே முக்கியம். மெல்பர்ன் மதிப்பீட்டின் இரண்டாம் பதிப்பு இரண்டரை வயது முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. 14 செயல்களைச் செய்யச் சொல்லி, அசைவின் வீச்சு, துல்லியம், விரல் நயம், தடையற்ற ஓட்டம் என நான்காகப் பிரித்து மதிப்பெண் தருகிறது. ஒரு கை எப்படி அசைகிறது என்பதற்கு இது ஏற்றது; மொத்தமாக ஒரே எண்ணாகச் சுருக்காமல் நான்கையும் தனித்தனியே வைத்திருப்பது இதன் பலம், ஏனெனில் வீச்சு நன்றாக இருந்தும் ஓட்டம் கெட்டிருக்கும் குழந்தையும், ஓட்டம் சீராக இருந்தும் வீச்சு குறைந்த குழந்தையும் ஒருவரல்லர். குவெஸ்ட் என்னும் சோதனை 18 மாதம் முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கு, பிரித்து அசைத்தல், பிடித்தல், கையில் எடை தாங்குதல், விழும்போது கையை ஊன்றிக் காத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்ற முடிகிறது என்று எண்ணும் எளிய சோதனையும் உண்டு. அது வேகத்தைச் சொல்லும், விதத்தைச் சொல்லாது.

ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நான் மிகவும் மதிப்பது, சுவீடனில் உருவாகி 2003இல் வெளியான துணைக்கை மதிப்பீடு. ஏ.எச்.ஏ. என்று நாம் சுருக்கமாக அழைப்பது இதைத்தான். இதில் குழந்தையிடம் ‘அந்தக் கையால் எடு’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு கைகளும் தேவைப்படும் பொம்மைகளோடு 10 முதல் 15 நிமிடம் விளையாடவிட்டு, காணொளி எடுத்து, பாதிக்கப்பட்ட கை தானாக முன்வந்து எப்படித் துணை செய்கிறது என்பதை ஒவ்வொரு கூறிலும் நான்கு படிகளில் மதிப்பிடுகிறார்கள். ஒரே அளவு பிடிவலுவும் ஒரே அளவு இறுக்கமும் கொண்ட இரண்டு குழந்தைகளில் ஒரு குழந்தை அந்தக் கையைத் தொடக்கத்திலிருந்தே வேலைக்கு அழைப்பதையும், மற்றது பொருளைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு ஒரே கையால் சமாளிப்பதையும் இந்த விளையாட்டு வெளிக்கொணர்ந்துவிடும். இரு பக்கமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதே வழியில் இருகை மதிப்பீடும், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குக் கைக்குழந்தைகளுக்கான மதிப்பீடும் பின்னர் வந்துள்ளன. இவற்றுக்குப் பயிற்சியும் சான்றும் தேவை, அதற்குச் செலவும் உண்டு என்பதை அறிவேன். ஒரு மையத்தில் ஒருவரேனும் இப்பயிற்சியைப் பெறும்படி நிர்வாகம் செலவிட வேண்டும்; பளபளக்கும் புதிய இயந்திரங்களுக்குச் செலவிடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

மேக்ஸ் எனப்படும் கைத்திறன் வகைப்பாட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2006இல் வெளியான இது, 4 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் அன்றாடப் பொருள்களை வழக்கமாக எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை ஐந்து நிலைகளில் வகைப்படுத்துகிறது. 1 முதல் 4 வயதினருக்குச் சிறு மேக்ஸ் இருக்கிறது. மருத்துவரும் பெற்றோரும் ஒரே மொழியில் பேச இது மிகவும் உதவும். ஆனால் வகைப்பாடு என்பது மாற்றத்தை அளக்கும் கருவி அன்று. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் மூன்றாம் நிலையிலேயே இருக்கிறது என்று எழுதி, முன்னேற்றம் இல்லை என்று முடிப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த நிலை எளிதில் மாறாதபடியே வகுக்கப்பட்டது. அது மாறாமல் இருப்பது குழந்தையின் தோல்வியும் அன்று, பயிற்சியின் தோல்வியும் அன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாடு, ஏற்ற சூழலில் ஒருவரால் செய்ய இயல்வதையும் தன் வழக்கமான சூழலில் அவர் உண்மையில் செய்வதையும் பிரித்துக் காட்டியது. நம் அறையில், அமைதியில், ஊக்கமூட்டும் குரலோடு ஒரு முறை செய்து காட்டிய அசைவு முதல் வகையைச் சேர்ந்தது. வீட்டிலும் பள்ளியிலும், அவசரத்திலும் களைப்பிலும், பிற குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கை என்ன செய்கிறது என்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதுண்டு. அந்தத் தூரத்தின் அளவே நமக்குத் திட்டம் சொல்லும்: இயல்வது அதிகம், செய்வது குறைவு என்றால் இரு கைகளையும் ஈடுபடுத்தும் தீவிரப் பயிற்சியோ, நல்ல கையைச் சில மணி நேரம் கட்டுப்படுத்தி மற்றதை உழைக்கவைக்கும் பயிற்சியோ பலன் தர வாய்ப்புண்டு, இயல்வதே குறைவு என்றால் செயலையும் பொருளையும் சூழலையும் மாற்றியமைப்பதில் நேரத்தைச் செலவிடுவது நல்லது. இதை அறிய 21 அன்றாடச் செயல்களைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்கும் அபில்ஹேண்ட் கிட்ஸ் போன்ற வினாத்தாள்கள் இருக்கின்றன. வினாத்தாளே இல்லாவிட்டாலும், காலையில் உடை மாற்றும்போது எடுத்த ஒரு காணொளியைக் கொண்டுவரச் சொல்லலாம். தாய் சொல்வதைப் பாசத்தால் மிகைப்படுத்துகிறார் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது முற்றிலும் தவறு. நாள் முழுவதும் அந்தக் கையைப் பார்ப்பவர் அவர்தான்.

தானாக எழும் அசைவுகளும் மாறி மாறி வரும் முறுக்கமும் உள்ள குழந்தைகளுக்கு, அதாவது அத்தெட்டோசிஸும் டிஸ்டோனியாவும் உள்ளவர்களுக்கு, மேலே சொன்ன பலவற்றை அப்படியே பொருத்தினால் பிழை நேரும். ஓய்வில் தளர்ந்திருக்கும் அவர்களுடைய கை, பேசத் தொடங்கியதும் அல்லது எதையாவது எடுக்க நினைத்ததுமே முறுக்கிக்கொள்ளும்; ஒரு முறை நேரே போன கை அடுத்த முறை வேறெங்கோ போகும். ஒரே செயலைப் பல முறை செய்யவிட்டு, மாறுபாட்டையே குறிப்பதுதான் அவர்களுக்கு நேர்மையான மதிப்பீடு. ஒரு முறை பார்த்த இறுக்கத்தை மட்டும் எழுதி, விறைப்புவகை என்று முத்திரை குத்திவிட்டால் மருந்தும் தவறிப் போகும். டிஸ்டோனியாவைப் பிரித்தறியவும், அதன் அளவைக் குறிக்கவும் தனி அளவுகோல்கள் உள்ளன. அவற்றையும் படிவத்தில் சேர்க்க வேண்டும்.

குழந்தை வளரட்டும், பிறகு பார்ப்போம் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குக் கைவிருப்பம் கிடையாது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டுமே நீட்டுவதும் மறு கை முட்டி மடங்கிக் கிடப்பதும் சமர்த்தின் அடையாளம் அன்று, உடனே பார்க்க வேண்டிய அறிகுறி. தானாக எழும் அசைவுகளைக் காணொளியில் ஆராய்வது, முறையான நரம்பியல் சோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை இணைத்தால் ஆறு மாதத்துக்கு முன்பேகூட மூளை முடக்குவாதத்தையோ அதற்கான உயர் அபாயத்தையோ கண்டறியலாம் என்று 2017இல் சர்வதேச வல்லுநர் குழு தெளிவுபடுத்திவிட்டது. கைகளுக்குச் செல்லும் நரம்புப் பாதைகள் பயன்பாட்டால் செதுக்கப்படும் மாதங்கள் அவை.

மறுமதிப்பீட்டில் இன்னும் கவனம் வேண்டும். எந்தக் கருவிக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. துணைக்கை மதிப்பீட்டில் 0 முதல் 100 வரையான அளவில் 5 அலகுகளாவது மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று கொள்ளப்படுகிறது. இரண்டு அலகு கூடியதை முன்னேற்றமென்று பெற்றோரை மகிழ்விப்பதும், இரண்டு குறைந்ததைப் பின்னடைவென்று கலங்கவைப்பதும் ஒரே தவறுதான். நேரம், நாற்காலி, பொம்மை, மதிப்பிடுபவர் ஆகியவை கூடுமானவரை மாறாதிருக்கட்டும். மதிப்பெண் போடுபவர், அது பயிற்சிக்கு முன் எடுத்த காணொளியா பின் எடுத்ததா என்று அறியாமல் போட்டால் இன்னும் நல்லது.

உங்களிடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. கையைப் பற்றிய ஒவ்வொரு அறிக்கையிலும் இறுக்கத்தின் தரத்துக்கு அடுத்த வரியிலேயே, குழந்தை தானே நீட்டும்போதும் பிடிக்கும்போதும் விடும்போதும் கண்டதைச் சொற்களில் எழுதுங்கள். இரு கைகளும் சேர்ந்து செய்யும் ஒரு செயலையேனும் பார்க்காமல் மதிப்பீட்டை முடிக்காதீர்கள். ஊசிக்கோ அறுவைக்கோ பரிந்துரைக்கும் முன், எந்தச் செயல் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைக் குறித்துவைத்து, பின்னர் அதே செயலைக் காணொளியில் ஒப்பிடுங்கள். அறிக்கையைப் பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் தாருங்கள். அவர்களின் ஒப்புதலோடு எடுத்த காணொளியின் ஒரு பிரதியையும் தாருங்கள், அடுத்து அவர்கள் போய் நிற்கும் இடத்தில் அது ஆயிரம் கேள்விகளை மிச்சப்படுத்தும். மையங்களை நடத்துவோர், ஒரு குழந்தைக்கு இத்தனை நிமிடம் என்று வகுக்கும்போது கைக்கென்று தனியே அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். நேரமே தராமல் நல்ல மதிப்பீட்டை எதிர்பார்க்க முடியாது.

படிவத்தை மாற்றியமைக்கும்போது குழந்தையின் பதிலுக்கும் ஓர் இடம் விடுங்கள். எந்த வேலையைத் தன் கையால் செய்ய விரும்புகிறது என்று அதனிடமே கேளுங்கள். பேச்சு வராத குழந்தைகள் படத்தைக் காட்டியோ கண்ணை அசைத்தோ சொல்வார்கள். அதற்கும் காத்திருக்க வேண்டும். நாம் எழுத்துப் பயிற்சியைத் திட்டமிட்டிருக்கும்போது, தன் தலைமுடியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு குழந்தை சொல்லக்கூடும். அப்படியானால் அடுத்த மதிப்பீட்டில் நாம் பார்க்க வேண்டியது, கைகள் தலைக்குப் பின்னே எந்த உயரம் வரை போகின்றன, அங்கே கண்ணின் உதவியில்லாமல் விரல்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுகொள்கின்றனவா என்பதைத்தான்.

மிக்க மதிப்புடன்,
மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளோடு பணிபுரியும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்